தனியாகப் பெஸ்ட் கன்ட்ரோல் தொடங்க நினைக்கும் மதுரைத் தம்பிக்கு

மதுரையிலிருந்து ஒரு தம்பி கேட்டிருக்கிறார். வயது 27, பி.எஸ்சி. வேதியியல் படித்தவர். வீடுகளிலும் கடைகளிலும் பூச்சி மருந்து அடிக்கும் பெரிய பெஸ்ட் கன்ட்ரோல் நிறுவனம் ஒன்றில் நான்கு வருடமாக டெக்னீஷியன் வேலை. கையில் மூன்று லட்ச ரூபாய் இருக்கிறது. தனியாகத் தொடங்க லைசன்ஸுக்கு என்ன வேண்டும், எவ்வளவு செலவாகும், இன்றைய போட்டியில் பிழைக்க முடியுமா, லைசன்ஸ் கைக்கு வரும்வரை ஒரு நண்பருடைய லைசன்ஸில் வேலை எடுக்கலாமா என்பவை அவருடைய கேள்விகள்.

நான் திருச்சியில் இருபது வருடத்துக்கு மேலாக இதே தொழிலில் இருக்கிறேன். கடைசிக் கேள்வியைக் கடைசியிலேயே சொல்கிறேன், அதற்கு முன்னால் சில விஷயங்கள் புரிய வேண்டும்.

முதலில் லைசன்ஸ். மாநகராட்சியில் தொழில் உரிமமும் ஜி.எஸ்.டி. எண்ணும் வாங்கிவிட்டால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அவை கடை வைப்பதற்கான காகிதங்கள், அவ்வளவுதான். மருந்து அடிக்கும் உரிமையைத் தருவது 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டமும் 1971-இல் வந்த அதன் விதிகளும். சட்டத்தின் 13-ஆவது பிரிவு, மருந்து தயாரிப்பவருக்கும் விற்பவருக்கும் மட்டுமல்ல, காசு வாங்கிக்கொண்டு பூச்சி மருந்து அடித்துக் கொடுப்பவருக்கும் லைசன்ஸ் வேண்டும் என்கிறது. கொடுப்பது மாநில வேளாண்மைத் துறை. வீட்டுக் கரப்பானுக்கும் வேளாண்மைத் துறைக்கும் என்ன சம்பந்தம் என்று புதிதாக வருகிறவர்கள் குழம்புவார்கள். மருந்து என்ற பொருளை வைத்துத்தான் சட்டம் பார்க்கிறது, அடிக்கும் இடத்தை வைத்து அல்ல.

இந்தச் சட்டம் பிறந்த கதையைத் தொழிலில் இருக்கிற எல்லோரும் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது என் ஆசை. 1958-இல் ஒரே கப்பலில் கோதுமையும் பாரத்தியான் என்ற பூச்சிக்கொல்லியும் வந்தன. மருந்து கசிந்து உணவில் கலந்துவிட்டது. கேரளத்தில் 100-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள், அன்றைய சென்னை மாநிலத்திலும் உயிர்கள் போயின. அதை விசாரிக்க நீதிபதி ஜே.சி. ஷா தலைமையில் ஆணையம் அமைத்தார்கள். அதன் தொடர்ச்சியாகப் பத்து வருடம் கழித்து வந்ததுதான் இந்தச் சட்டம். மருந்தையும் மற்ற பொருளையும் ஒரே அறையில் வைக்காதே என்று விதி சொல்வதற்குப் பின்னால் இவ்வளவு இருக்கிறது.

தகுதி விஷயத்தில் உங்களுக்குக் கவலை இல்லை. வேளாண்மைப் பட்டம், அல்லது வேதியியலை ஒரு பாடமாகப் படித்த அறிவியல் பட்டம் வேண்டும். அத்துடன் குறைந்தது 15 நாள் பயிற்சிச் சான்றிதழ். மைசூருவில் உள்ள மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிறுவனம் (சி.எஃப்.டி.ஆர்.ஐ.), ஹைதராபாத்தில் உள்ள தேசிய தாவர நல மேலாண்மை நிறுவனம், உத்தரப் பிரதேசம் ஹாப்பூரில் இருக்கும் தானியச் சேமிப்பு நிறுவனம் ஆகியவை அதற்கு அங்கீகரிக்கப்பட்ட இடங்கள். நம் பக்கத்து ஆட்களுக்கு மைசூருதான் வசதி. வருடம் முழுக்க வகுப்பு நடக்காது, தேதி அறிவித்ததும் இடம் நிரம்பிவிடும். ஆகவே இப்போதே கேட்டு வையுங்கள். உங்கள் வேலையில் நான்கு வருட அனுபவம் இருந்தாலும் அந்தச் சான்றிதழுக்கு அது ஈடாகாது. ஒப்புக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வராதீர்கள். மருந்தின் வீரியத்தைச் சதவீதத்தில் கணக்குப் போடுவது எப்படி என்று நான் சரியாகப் படித்தது அந்த 15 நாளில்தான். அதற்கு முன்னால் மூடியால் அளந்து ஊற்றிக்கொண்டிருந்தேன்.

விண்ணப்பத்தோடு படிப்பு, பயிற்சிச் சான்றுகள், இடத்தின் வாடகை ஒப்பந்தம் அல்லது சொத்துவரி ரசீது, மருந்து வைக்கும் அறையின் விவரம் எல்லாம் கேட்பார்கள். படிவமும் கட்டணமும் அவ்வப்போது மாறுவதால் மாவட்ட வேளாண்மை இணை இயக்குநர் அலுவலகத்துக்கு நேரில் போய்ப் பட்டியலை வாங்கிக்கொள்வது நல்லது. அரசுக் கட்டணம் உங்கள் பட்ஜெட்டில் பெரிய சுமையாக இருக்காது. அறைதான் முக்கியம். தனி அறை, இல்லையென்றால் பூட்டுப் போட்ட தனி அலமாரி. காற்றோட்டமும் வெளிச்சமும் இருக்க வேண்டும், ஈரம் கூடாது. வீட்டு மாடிப்படிக்குக் கீழே மருந்தை அடுக்கி வைத்துவிட்டு அதைக் குடோன் என்று எழுதிக்கொடுக்காதீர்கள். குழந்தைகள் ஓடியாடும் வீடு என்றால் அந்த யோசனையே வேண்டாம்.

புகைமூட்டம், அதாவது மூடிய இடத்தில் நச்சு வாயுவை நிரப்பிப் பூச்சியைக் கொல்லும் ஃபியூமிகேஷன், தனிக் கதை. அலுமினியம் பாஸ்பைடு, மெத்தில் புரோமைடு இரண்டும் கட்டுப்படுத்தப்பட்ட மருந்துகள். மேலே சொன்ன தகுதிக்கு மேல், மத்திய அரசின் தாவரப் பாதுகாப்பு ஆலோசகரிடம் ஒப்புதல் பெற்றால்தான் அவற்றைத் தொடலாம். தூத்துக்குடித் துறைமுகம், விருதுநகர் பருப்புக் குடோன்கள், போடி ஏலக்காய் என்று மதுரையைச் சுற்றி அதற்கு நல்ல சந்தை உண்டு. ஏற்றுமதி ஆகும் மரப்பெட்டிக்கும் பேலட்டுக்கும் சர்வதேச விதிப்படி 56 டிகிரி சூட்டில் 30 நிமிடம் சூடேற்ற வேண்டும், அல்லது மெத்தில் புரோமைடு போட வேண்டும். ஒரு தப்பு நடந்தால் கன்டெய்னர் திரும்பி வரும், நஷ்டம் உங்கள் தலையில். முதல் மூன்று வருடம் அந்தப் பக்கம் போகாதீர்கள்.

சரி, செலவு. பேட்டரி ஸ்பிரேயர் இரண்டு, கையால் அழுத்தம் ஏற்றும் சின்ன ஸ்பிரேயர் இரண்டு, நல்ல ஹாமர் டிரில் ஒன்று, கரப்பான் ஜெல் வைக்கும் ஜெல் கன், எலிப்பெட்டிகள், ஏணி, டார்ச். இவை எல்லாம் 40,000 ரூபாய்க்குள் அடங்கிவிடும். கார்ட்ரிட்ஜ் போட்ட முகக்கவசம், ரசாயனம் ஊடுருவாத கையுறை, கண்ணாடி, பூட்ஸ் ஆகியவற்றை ஆளுக்கு ஒரு செட் வாங்குங்கள். துணி மாஸ்க் தூசியைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கார்ட்ரிட்ஜை மாற்றவும் பணம் ஒதுக்குங்கள், மாற்றாத கார்ட்ரிட்ஜ் முகத்தில் தொங்கும் பிளாஸ்டிக்தான். கொசுப் புகை இயந்திரத்தை முதல் வருடம் வாங்காதீர்கள், வேலை வந்தால் வாடகைக்கு எடுங்கள். இடத்துக்கு முன்பணம், பயிற்சிக்கும் தங்குவதற்கும் ஆகும் செலவு, முதல் கட்ட மருந்து, விளம்பரம் எல்லாம் போக, உங்கள் மூன்று லட்சத்தில் பாதியாவது தொடாமல் இருக்க வேண்டும். ஆறு மாத வீட்டுச் செலவுக்கு அது. இந்தத் தொழிலில் முதலீடு இல்லாமல் தோற்றவர்களைவிட, நான்காவது மாதம் கைச்செலவுக்குக் காசில்லாமல் விலையை இறக்கித் தோற்றவர்கள்தான் அதிகம் என்பது நான் பார்த்தது.

விலை என்று வந்துவிட்டதால் ஒரு கணக்கைப் போட்டுக் காட்டுகிறேன். இந்தப் பதிலில் ஒன்றை மட்டும் எடுத்துக்கொள்வதாக இருந்தால் இதை எடுத்துக்கொள்ளுங்கள்.

கட்டடம் கட்டும்போது கரையானுக்கு மருந்து போடுவதற்கு ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தரநிலை இருக்கிறது. தரைத்தளத்து மண்ணுக்குச் சதுர மீட்டருக்கு 5 லிட்டர் மருந்துக் கரைசல் போக வேண்டும். 1,000 சதுர அடி என்றால் 93 சதுர மீட்டர். ஆக 465 லிட்டர் கரைசல். இமிடாகுளோபிரிட் 30.5 எஸ்.சி. (30.5 சதவீத வீரியமுள்ள மருந்து) என்றால் லிட்டர் தண்ணீருக்கு 2.1 மில்லி. அப்படியானால் ஏறக்குறைய ஒரு லிட்டர் மருந்து முழுசாகப் போக வேண்டும். குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. போடுவதாக இருந்தால் ஒரு பங்கு மருந்துக்கு 19 பங்கு தண்ணீர், அதாவது 23 லிட்டருக்கு மேல். இது வெறும் தரைக்கு மட்டும். அஸ்திவாரக் குழிக்கும் சுவரோரத்துக்கும் தனிக் கணக்கு.

மருந்து லிட்டர் 2,500 ரூபாய் என்று கணக்குக்கு வைப்போம். இரண்டு ஆள் கூலி 1,800, வண்டி, சில்லறை 500. 4,800 ரூபாய் ஆகிவிட்டது. வாடகை, போன், பின்னால் ஒருமுறை வந்து பார்க்கும் செலவு, உங்கள் லாபம் எதுவும் இதில் இல்லை. சதுர அடிக்கு 5 ரூபாய் கேட்டாலும் 200 ரூபாய்தான் மிச்சம். இந்த நிலையில் ஒருவர் மூன்று ரூபாய்க்கு வேலையை எடுத்து, பத்து வருட கேரண்டியும் எழுதிக் கொடுக்கிறார். கூலியைக் குறைக்க முடியாது, பெட்ரோலைக் குறைக்க முடியாது. குறைவது மருந்து மட்டும்தான். 465 லிட்டர் போக வேண்டிய இடத்தில் 80 லிட்டர் தெளித்துவிட்டு, மண் நனைந்ததைக் காட்டி, நெடி அடிப்பதைக் காட்டிக் கிளம்பிவிடுவார்கள். கரையான் வருவது மூன்று நான்கு வருடம் கழித்து. அப்போது அந்த போன் நம்பர் இருக்காது.

வீடு கட்டுகிறவர்கள் இதைப் படித்தால் அவர்களுக்கும் ஒன்று சொல்கிறேன். 16 லிட்டர் டேங்க் என்றால் 465 லிட்டருக்கு 29 முறை நிரப்ப வேண்டும். அரை மணி நேரத்தில் ஒருவர் வேலையை முடித்தால் மருந்து போகவில்லை என்று அர்த்தம். சீல் உடைக்காத பாட்டிலை உங்கள் கண் முன்னால் திறக்கச் சொல்லுங்கள்.

ஏற்கெனவே குடியிருக்கும் வீட்டுக்கும் இதே மாதிரிதான். சுவரும் தரையும் சேரும் இடத்தில் 12 மில்லிமீட்டர் துளை, 300 மில்லிமீட்டருக்கு ஒன்று, துளைக்கு ஒரு லிட்டர்வரை. பத்துக்குப் பன்னிரண்டு அறை என்றால் சுற்றளவு 44 அடி. அடிக்கு ஒரு துளை வீதம் 44 துளை. கோட்டேஷனில் துளைகளின் எண்ணிக்கையையும் மருந்தின் அளவையும் எழுதிக் கொடுங்கள். நான் அப்படி எழுத ஆரம்பித்த பிறகுதான், விலை அதிகம் என்று சொன்ன ஆட்களே திரும்பக் கூப்பிட ஆரம்பித்தார்கள். மற்றவர் கோட்டேஷனில் ‘கெமிக்கல் டிரீட்மென்ட்’ என்ற இரண்டு வார்த்தைக்கு மேல் எதுவும் இருப்பதில்லை.

மருந்தைத் தேர்ந்தெடுப்பதிலும் கவனம் வேண்டும். பழைய ஆட்கள் நுவான் என்றே சொல்லிப் பழகிய டைகுளோர்வாஸ் 2020 டிசம்பர் 31 முதல் இந்தியாவில் தடை. அதற்கு முன்னாலேயே ஆல்டிரின், லிண்டேன் எல்லாம் போய்விட்டன. குளோர்பைரிபாஸை 2025-இல், ஆபத்தான ரசாயனங்களை ஒழிப்பதற்கான சர்வதேச ஸ்டாக்ஹோம் உடன்படிக்கையின் ஒழிப்புப் பட்டியலில் சில விலக்குகளோடு சேர்த்திருக்கிறார்கள். அதை நம்பி நீண்டகாலத் திட்டம் போடாதீர்கள். வயலுக்கான மருந்தை விலை குறைவு என்று உரக்கடையில் வாங்கி வந்து படுக்கையறையில் அடிக்கிறவர்கள் இன்னும் இருக்கிறார்கள். லேபிளில் எந்தப் பூச்சிக்கு, எந்த இடத்துக்கு என்று எழுதியிருக்கிறதோ அதற்கு மட்டும்தான் அந்த மருந்து. பாட்டிலில் இருக்கும் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை முக்கோணம் மருந்தின் நச்சுத்தன்மையை எப்படிச் சொல்கிறது என்பதை உங்களிடம் சேரும் ஒவ்வொரு பையனுக்கும் முதல் நாளே சொல்லிக்கொடுங்கள்.

சந்தைக்கு வருகிறேன். வீட்டு வேலைகளில் மொபைல் ஆப் வழியாகப் பதிவு செய்யும் பழக்கம் நன்றாகப் பரவிவிட்டது. பெரிய நிறுவனங்களும் சேர்ந்து இன்னும் பெரிதாகிவிட்டன. 2017-இல் பிரிட்டனின் ரென்டோகில், நம் நாட்டின் பெஸ்ட் கன்ட்ரோல் இந்தியா (பி.சி.ஐ.) நிறுவனத்தோடு கைகோத்தது உங்களுக்கே தெரியும். ஒரு கரப்பான் ஜெல் வேலைக்கு அவர்கள் தள்ளுபடியோடு போடும் விலையில் நீங்கள் மோதி ஜெயிக்க முடியாது. மோதவும் வேண்டாம். அவர்களுடைய ஆள் இன்று வருபவர் ஒருவர், அடுத்த முறை வருபவர் வேறொருவர். உங்களால் அதே ஆளாக மூன்று முறையும் போக முடியும். சிங்க்குக்குக் கீழே எந்த மூலையில் போன தடவை கரப்பான் இருந்தது என்று நினைவு வைத்திருக்க முடியும். வீட்டு அம்மாக்கள் இதைக் கவனிப்பார்கள், பக்கத்து வீட்டிலும் சொல்வார்கள்.

ஆனால் நிலையான வருமானம் வீடுகளில் இல்லை, உணவுத் தொழிலில் இருக்கிறது. 2011-ஆம் ஆண்டின் உணவுப் பாதுகாப்பு உரிம விதிகளில் 4-ஆவது அட்டவணை, ஓட்டல், பேக்கரி, இனிப்புக்கடை, தயாரிப்புக்கூடம் எல்லாவற்றிலும் பூச்சிக் கட்டுப்பாடு இருக்க வேண்டும் என்கிறது. ஆய்வுக்கு வரும் அதிகாரி கேட்பது காகிதத்தை. உங்கள் லைசன்ஸ் நகல், ஒவ்வொரு முறையும் எந்த மருந்து எவ்வளவு போட்டீர்கள் என்ற ரிப்போர்ட், மருந்தின் பாதுகாப்பு விவரத்தாள், எலிப்பெட்டி எங்கெங்கே என்று எண் போட்ட வரைபடம். இவற்றை ஒரு ஃபைலாகப் போட்டுக் கொடுத்தால் போதும், நடுத்தர ஓட்டல்காரர் உங்களை விடமாட்டார். மதுரையில் இருக்கிற ஓட்டல்களும் ஆஸ்பத்திரிகளும் உங்களுக்குத் தெரியாததல்ல. இருபது ஏ.எம்.சி. (வருடாந்திரப் பராமரிப்பு ஒப்பந்தம்) சேர்ந்துவிட்டால் வாடகையும் சம்பளமும் அதிலேயே வந்துவிடும். கரையான் வேலை வருவதெல்லாம் லாபக் கணக்கில்.

பருவமும் உண்டு. கோடையில் கரப்பானும் எறும்பும், ஐப்பசி மழைக்குப் பிறகு ஈசல் பறந்ததும் கரையான் அழைப்புகள், டெங்குச் செய்தி வந்தால் கொசு. தையிலும் மாசியிலும் போன் அமைதியாக இருக்கும். அந்த இரண்டு மாதம்தான் பில்டர்களைப் போய்ப் பார்க்க வேண்டிய நேரம்.

வரி விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்கிறேன், மீதியை ஆடிட்டரிடம் கேளுங்கள். சேவைக்கு ஜி.எஸ்.டி. 18 சதவீதம். வருடத்துக்கு 20 லட்சத்தைத் தாண்டும்வரை பதிவு கட்டாயமில்லை. ஆனால் பெரிய ஓட்டலும் கம்பெனியும் வரி பில் இல்லாமல் சேர்க்க மாட்டார்கள். விளைபொருள் குடோன் ஃபியூமிகேஷனுக்கு இருந்த விலக்கையும் 2022 ஜூலையில் எடுத்துவிட்டார்கள். குறு, சிறு நிறுவனங்களுக்கான மத்திய அரசின் உத்யம் பதிவு இலவசம், முதல் வாரமே செய்துவிடுங்கள். பணத்தை இழுத்தடிக்கும் வாடிக்கையாளரிடம் அது ஒன்றுதான் பிடிமானம். பதிவுபெற்ற குறு, சிறு நிறுவனத்துக்கு 45 நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால் வட்டி கேட்கச் சட்டம் இருக்கிறது. அதோடு, காலம் தாண்டி நிலுவையில் நிற்கும் தொகையை அவர்கள் அந்த வருடத்துச் செலவாக வருமான வரிக் கணக்கில் காட்டவும் முடியாது. பில்லின் அடியில் உத்யம் எண்ணை அச்சடித்த பிறகு எனக்கு வர வேண்டிய பாக்கி கணிசமாகக் குறைந்தது.

ஆட்களைப் பற்றி. மருந்தைக் கையாள்கிறவர்களுக்கு வேலைக்குச் சேரும்போதும் பிறகு குறிப்பிட்ட இடைவெளியிலும் மருத்துவப் பரிசோதனை செய்ய வேண்டும் என்று விதியே இருக்கிறது. நம் தொழிலில் இதைச் செய்கிறவர்கள் மிகக் குறைவு, அதில் எனக்கு மிகுந்த வருத்தம். ஆரம்பத்தில் என்னிடம் இருந்த ஒரு பையன் தலைவலி, வாந்தி என்று அடிக்கடி லீவு போடுவான். சாப்பாடு சரியில்லை என்று நானே சொல்லிவிட்டேன். டாக்டர் சொன்ன பிறகுதான் மருந்து உடம்பில் ஏறியிருப்பது தெரிந்தது. அவன் இப்போது நன்றாக இருக்கிறான், வேறு தொழிலில். பரிசோதனைக்கு ஆகும் காசைக் கோட்டேஷனிலேயே சேர்த்துவிடுங்கள்.

இனி அந்தக் கடைசிக் கேள்வி. நண்பர் லைசன்ஸில் வேலை எடுக்கலாமா? கூடாது.

2024 நவம்பரில் சென்னைக்குப் பக்கத்தில் குன்றத்தூரில் ஒரு வீட்டில் எலிக்காக மருந்து வைத்தார்கள். இரவில் அதன் நெடியில் இரண்டு சின்னக் குழந்தைகள் இறந்துபோனார்கள், பெற்றோர் ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். வைத்த ஆட்கள் மீது வழக்கு. அந்தச் செய்தி வந்த அன்று நான் என் ஆட்களை எல்லாம் உட்கார வைத்துப் பேசினேன். எலியைப் பிடிக்கப் பசைத்தட்டு இருக்கிறது, கூண்டு இருக்கிறது, பூட்டிய பெட்டிக்குள் வைக்கும், எலி மருந்து கலந்த மெழுகுக் கட்டி இருக்கிறது. ஆள் தூங்கும் வீட்டுக்குள் ஆவியாகும் எந்த நஞ்சுக்கும் இடம் கிடையாது. அலுமினியம் பாஸ்பைடு மாத்திரை காற்றில் உள்ள ஈரத்தைத் தொட்டாலே பாஸ்பீன் வாயுவாக மாறும். அந்த மூன்று கிராம் மாத்திரை ஒன்றிலிருந்து ஒரு கிராம் வாயு வரும். மூடிய அறையில் அது என்ன செய்யும் என்று படித்த உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

லைசன்ஸ் என்பது ஒரு குறிப்பிட்ட இடத்துக்கு, அங்கே இருக்கும் தகுதியான ஆளை நம்பிக் கொடுப்பது. நண்பர் பெயரில் நீங்கள் போகும் வீட்டில் ஏதாவது நடந்தால், அவர் நான் போகவில்லை என்பார், நீங்கள் என் லைசன்ஸ் இல்லை என்பீர்கள். லைசன்ஸ் இல்லாமல் செய்வதற்குச் சிறைத் தண்டனையும் அபராதமும் சட்டத்தில் இருக்கின்றன. நண்பருடைய லைசன்ஸும் போகும். சான்றிதழை மாத வாடகைக்கு விடும் பட்டதாரிகள் இருக்கிறார்கள் என்பது எனக்கும் தெரியும். உங்களையும் யாராவது கேட்பார்கள், அதற்கும் சம்மதிக்காதீர்கள்.

அதற்குப் பதிலாக இப்படிச் செய்யுங்கள். இப்போதிருக்கும் வேலையை விடாதீர்கள். அடுத்த பயிற்சி வகுப்புக்குப் பதிவு செய்து, லீவு போட்டு மைசூரு போய் வாருங்கள். திரும்பி வந்து இடம் பாருங்கள், விண்ணப்பம் போடுங்கள். லைசன்ஸ் வர ஆகும் காலத்தில் மருந்தைத் தொடாமல் செய்யக்கூடிய வேலை நிறைய இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் கட்டட வேலை நடக்கும் மனைகளைச் சுற்றிப் பார்த்து மேஸ்திரிகளின் எண்களை வாங்குங்கள். கோட்டேஷன் மாதிரியையும் ரிப்போர்ட் புத்தகத்தையும் தமிழில் அச்சடித்து வையுங்கள். நீங்கள் இப்போது வேலை பார்க்கும் நிறுவனத்தின் வாடிக்கையாளர் பட்டியலை மட்டும் எடுத்து வராதீர்கள். வேலையை விடும் முன், சேரும்போது கையெழுத்துப் போட்ட ஒப்பந்தத்தில் அதற்கு ஏதாவது நிபந்தனை இருக்கிறதா என்று ஒருமுறை படித்துவிடுங்கள். மைசூரு போகும் முன் சதவீதக் கணக்கை ஒரு தடவை புரட்டிவிட்டுப் போங்கள், முதல் நாளே அதில்தான் தொடங்குவார்கள்.